மூன்றாம் இடத்துக்காரர்

9

"யாரும் கை வைக்கலைங்க. ரொம்ப சுத்தமா இருக்கு" என்றார் கம்ப்யூட்டர் நிபுணர், ஏதோ நல்ல செய்தி சொல்வதைப் போல.

ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்த போனை அப்படியே எடுத்துப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். வாரக்கணக்கில் எங்களை இழுத்தடித்துவிட்டு, விசாரணை நாளன்று காலையில், அண்ணன் வீட்டுச் சமையலறையில், அண்ணன் முகத்துக்கு நேராகவே இதைப் போட்டு உடைக்கிறார்.

"நல்லாப் பார்த்துட்டீங்களா?" என்றார் பாஸ்.

"ஒரு எழுத்துகூட மாறலை. அவர் எழுதின மாடல் எப்படி இருந்துச்சோ அப்படியே ஓடியிருக்கு. பில்லை அனுப்பட்டுமா?"

"தாராளமா அனுப்புங்க. நாங்களும் ஒரு வாரம் ஆராய்ச்சி பண்ணிட்டு, பில் ரொம்ப சுத்தமா இருக்குன்னு சொல்றோம்" என்று சொல்லிவிட்டு நான் இணைப்பைத் துண்டித்தேன்.

பாஸ் சிரிக்கவில்லை. காப்பீட்டுக் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர், பிறகு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். அன்று முதல் நான்தான் அவருக்கு உதவியாளர், டிரைவர், கணக்குப்பிள்ளை, திட்டு வாங்குகிறவள். எத்தனையோ பேரின் தலைவலிகளைச் சிரித்துக்கொண்டே தீர்த்திருக்கிறேன். சொந்த அண்ணனுக்கே வந்தபோது எனக்குச் சிரிப்பு பாதிதான் வந்தது. மீதி எரிச்சல்.

விஷயம் இதுதான். அண்ணன் அரசு மருத்துவமனைகளுக்கான கொள்முதல் துறையில் கணித நிபுணன். எந்தக் கம்பெனியிடம் எதை வாங்குவது என்று அதிகாரிகள் கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடித்த காலத்துக்கு முடிவு கட்டியவன் அவன். அவன் எழுதிய கணித மாடலில் ஒவ்வொரு கம்பெனியின் விலையையும் வாரண்டியையும் போட்டால் போதும். அது மதிப்பெண் போடும். அதிக மதிப்பெண் வாங்கியவருக்கு ஆர்டர். சிபாரிசு செல்லாது, கண்ஜாடை செல்லாது. துறையில் பாதிப் பேர் அதற்காக அவனைக் கரித்துக்கொட்டினார்கள்.

அந்த மாடல் தேர்ந்தெடுத்த டயாலிசிஸ் மெஷின்கள் வந்த சில மாதங்களிலேயே படுத்துக்கொள்ள ஆரம்பித்தன. அதுவும் எப்போது? நோயாளியின் ரத்தம் பாதி உள்ளே, பாதி குழாயில் இருக்கும்போது. கம்பெனி ஆள் வருவான், ரிப்பேர் செய்வான், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவான். மறுபடியும் நிற்கும். மற்ற மருத்துவமனைகளுக்கு இன்னும் மெஷின்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. ஒருநாள் டயாலிசிஸ் வார்டு நர்ஸ் ஒருத்தி மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டாள். மாடல் எழுதியவனைத் துறை சஸ்பெண்ட் செய்தது.

அந்த நர்ஸ் என் அண்ணி.

இப்போது எதிரில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருக்கிறாள். அண்ணன் அவளிடமிருந்து ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான். புகார் வெளியே வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை.

"அவர்கிட்ட சொல்லு, சட்டை அயர்ன் பண்ணி வெச்சிருக்கேன்."

"அண்ணா, சட்டை அயர்ன் பண்ணியிருக்காங்களாம்."

"கேட்டுச்சு. என் காது நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு."

"அண்ணி, அவன் காது..."

"கேட்டுச்சு."

அந்த வீட்டில் எனக்குத் தபால்காரி உத்தியோகம். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் இரண்டு பக்கமும்.

"எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றான் அண்ணன், மேஜையைப் பார்த்து.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பார்? கணக்கு சரின்னு சொல்லியிருப்பார்" என்றாள் அண்ணி, அடுப்பைப் பார்த்து.

"கணக்கு சரிதான்!"

"கணக்கு சரின்னா என் மெஷின் ஏன் நிக்குது?"

அண்ணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கதவை அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள். அது எனக்கு இன்னும் மோசமாகப் பட்டது.

பாஸ் தொண்டையைச் செருமினார். "சார், வெளிப்படையாச் சொல்லிடறேன். வெளியாள் மாடலைத் திருத்தியிருக்கான்னு நிரூபிக்கலாம்னுதான் இத்தனை நாள் ஓடினோம். அது இப்போ காலி. யாரும் திருத்தலைன்னா, எழுதும்போதே அந்தக் கம்பெனிக்குச் சாதகமா வளைச்சு எழுதினது நீங்கதான்னு சொல்வாங்க. மூணு மணி விசாரணையில அதுதான் நடக்கும். வேலை போகும். அப்புறம் போலீஸ்."

"நான் வளைக்கலை."

"தெரியும். அதைக் கையில எடுத்துட்டுப் போய்க் காட்ட முடியாதே. மொத்தம் எத்தனை கம்பெனி போட்டியில இருந்தாங்க?"

"மூணு. மார்க் பட்டியல் ஆபீஸ்ல இருக்கு. எனக்குத்தான் உள்ளே போக அனுமதி இல்லை."

---

கொள்முதல் துறையின் வரவேற்பறையில் டோக்கன் எடுத்து, நம்பர் வருவதற்காகக் காத்திருந்து, நம்பர் வந்ததும் அது வேறு கவுண்ட்டருக்கான டோக்கன் என்று தெரிந்துகொண்டு, மறுபடியும் எடுத்து, ஒருவழியாகக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த மனிதரை அடைந்தோம்.

"டயாலிசிஸ் டெண்டர் மார்க் பட்டியல் பார்க்கணும்."

"மனு குடுக்கணும்."

"இதோ மனு."

"மனு வாங்கறவர் லீவு."

"எப்போ வருவார்?"

"அவர் லீவு மனுவை யாரும் இன்னும் பார்க்கலை. பார்த்தாத்தான் தெரியும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "சார், உங்க தலைக்குப் பின்னாடி ஒரு பூட்டு போட்ட கண்ணாடிப் பலகை இருக்கே, அதுல என்ன ஒட்டியிருக்கு?"

அவர் திரும்பிப் பார்த்தார். "டெண்டர் முடிவுகள்."

"டயாலிசிஸ் இருக்கா?"

"இருக்கும். அது பொது அறிவிப்பு. யாரு வேணும்னாலும் பார்க்கலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் பாஸ் என்னை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். கேட்டால் ரகசியம், ஒட்டினால் பொது. இந்தத் துறைக்கு மாடல் எழுதிய என் அண்ணனுக்கு எப்படி இன்னும் தலைமுடி மிச்சமிருக்கிறதோ தெரியவில்லை.

முதல் இடம் அறுபத்திரண்டு மதிப்பெண். மெஷின்களை விற்ற கம்பெனி. இரண்டாம் இடம் அறுபது. மூன்றாம் இடம் ஐம்பத்தைந்து. விலைக்கு அறுபது, வாரண்டிக்கு நாற்பது, ஆக மொத்தம் நூறுக்கு.

"கிளம்புங்க பாஸ். ஜெயிச்சவனைப் போய்ப் பிடிப்போம்."

"பிடிச்சு? வாழ்த்துச் சொல்லவா? அவனைச் சுத்தி வக்கீல்கள் உட்கார்ந்திருப்பாங்க. தோத்தவங்களைச் சுத்தி யாரும் இருக்க மாட்டாங்க. அங்கே போவோம்."

"தோத்தவங்க என்ன சொல்லப் போறாங்க? அநியாயம், அக்கிரமம்னு கத்துவாங்க."

"கத்தினா நல்லது" என்றார்.

---

இரண்டாம் இடத்துக்காரம்மா உண்மையாகவே கத்தினாள். நீளமான பட்டறை. மேஜை மேஜையாக டயாலிசிஸ் மெஷின்கள் வயிற்றைத் திறந்துகொண்டு நின்றன. வாளியில் இருந்த சிவப்புச் சாயத் தண்ணீரை அவை உறிஞ்சுவதும் விடுவதுமாக இருக்க, பையன்களும் பெண்களும் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை சத்தத்துக்கும் மேலே அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"பத்து வருஷம் வாரண்டி குடுத்தேன் சார், பத்து வருஷம்! அவன் குடுத்தது ரெண்டு. விலையில நான் கொஞ்சம் கூடத்தான். இல்லேங்கலை. ஆனா ரெண்டு வருஷத்துக்கும் பத்து வருஷத்துக்கும் வித்தியாசம் தெரியாதா அந்த மாடலுக்கு? எவன் எழுதினான் அதை?"

நான் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியை மிக அக்கறையோடு பார்த்தேன்.

பாஸ் குரலைத் தாழ்த்தினார். "வெளியே சொல்லாதீங்க. அந்த டெண்டரை ரத்து பண்ணிட்டு மறுபடியும் கூப்பிடப் போறாங்கன்னு பேச்சு அடிபடுது."

அந்த அம்மா பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி கை தட்டினாள். "எப்போ? இந்த வாரமேவா? பேப்பரெல்லாம் ரெடியா இருக்கு சார்! டேய், இவங்களுக்கு டீ கொண்டாங்கடா!"

டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்ததும் பாஸைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் பாஸ் இப்படி வாய் கூசாமப் பொய் சொல்றீங்க? பாவம், அந்தம்மா முகத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். தோத்தவங்களுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்குன்னு சொன்னா முகம் அப்படித்தான் இருக்கணும். அளவு எடுத்துக்கிட்டேன். வா, இப்போ மூணாமவர்."

---

மூன்றாம் இடத்துக்காரரின் கம்பெனி ஒரு வணிக வளாகத்தின் கடைசி மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறி மேலே போய்ச் சேர்ந்தபோது கோபப்படக்கூட எனக்கு மூச்சு இல்லை. கதவில் பளபளவென்று பெயர்ப்பலகை. அதன் மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்கவில்லை.

உள்ளே ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு மனிதர். மெஷின் என்று பார்த்தால் ஒரு ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் போனில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். நாங்கள் வந்ததைப் பார்த்ததும் பதறிப் போய்ப் போனைக் கவிழ்த்து வைத்தார். இந்த அறைக்கு ஆள் வருவார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

உட்காரும்போது நாற்காலி முதுகில் இருந்த சீட்டைப் படித்தேன். மாத வாடகைக்கு விடும் கடையின் முகவரி.

"டயாலிசிஸ் டெண்டர்ல நீங்க எத்தனை வருஷம் வாரண்டி குடுத்தீங்க?" என்றார் பாஸ்.

"நாப்பது."

எனக்குப் புரையேறியது. "நாப்பது வருஷமா? நாற்காலியே மாச வாடகைக்கு எடுத்ததா இருக்கே சார்?"

"தரத்துல எங்களுக்கு நம்பிக்கை இருக்கு" என்றார் அவர், பாடம் ஒப்பிப்பதைப் போல.

"விலை?"

"மத்தவங்களை விடக் கொஞ்சம் கூட. நாலு மடங்கு."

பாஸ் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் பெரிய சந்தோஷம். "அப்போ உங்களுக்கு ஒரு நல்ல சேதி. அந்த டெண்டரை ரத்து பண்ணப் போறாங்க. மறுபடியும் நீங்க போட்டி போடலாம்!"

அந்த மனிதரின் முகம் பேயறைந்தது போலானது. எழுந்தார், உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார்.

"மறுபடியுமா? ஒரே ஒரு தடவைன்னுதானே சொன்னாங்க? ஒரு தடவை போட்டாப் போதும், அப்புறம் ஆபீஸைக் காலி பண்ணிக்கலாம்னு சொன்னாங்களே?"

"யார் சொன்னாங்க?" என்றார் பாஸ், மிக மெதுவாக.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் 'சொன்னவர்கள்' அனுப்பிய ஆட்கள் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. வாயை இறுக மூடிக்கொண்டார்.

"நீங்க யாரு? நான் ஒண்ணுமே சொல்லலை. வெளியே போங்க."

"சார், நீங்க வாயால..."

"நான் ஒண்ணுமே சொல்லலை! கேட்டா இல்லைன்னுதான் சொல்வேன். எந்தக் கோர்ட்ல வேணும்னாலும்!"

கதவு எங்கள் மூக்குக்கு நேராகச் சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டாரே என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். நின்றுபோன லிஃப்ட்டை ஒரு உதை விட்டேன். கால்தான் வலித்தது.

---

காரில் வந்து உட்கார்ந்தும் வண்டியை எடுக்கவில்லை. விசாரணைக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"யாரோ செட் பண்ணின ஆள். அது தெரிஞ்சு போச்சு" என்றேன். "ஆனா எதுக்கு? பேருக்கு மூணு பேர் இருக்கணும்னு விதியா?"

"இல்லை. விதியைப் படிச்சேன். ரெண்டு பேர் இருந்தாலே டெண்டர் செல்லும். மூணாம் ஆள் தேவையே இல்லை."

"அப்போ ஜெயிக்க வந்தவனும் இல்லை. நாலு மடங்கு விலை போட்டவன் எங்கே ஜெயிக்கிறது? ஆள் எண்ணிக்கைக்கும் தேவையில்லை. பின்னே எதுக்கு வந்தான், வேடிக்கை பார்க்கவா?" ஸ்டீயரிங்கில் குத்தினேன். ஹாரன் அலறியது. "நாப்பது வருஷமாம்! எழுதும்போது அவனுக்கே சிரிப்பு வந்திருக்காதா?"

பாஸ் திரும்பி என்னைப் பார்த்தார். "அதைத்தான் நானும் யோசிக்கிறேன். நூறு வருஷம்னு எழுதலை. பதினஞ்சுன்னும் எழுதலை. உன் அண்ணனுக்குப் போன் போடு."

போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அண்ணா, நாப்பது வருஷம் வாரண்டின்னு ஒருத்தன் எழுதினா உன் மாடல் எத்தனை மார்க் குடுக்கும்?"

"யாரு அதிகமாக் குடுக்கறாங்களோ அவங்களுக்கு முழு நாற்பது மார்க். மத்தவங்களுக்கு அந்த விகிதத்துல." அந்த நேரத்திலும் அவன் குரலில் ஒரு பெருமை எட்டிப்பார்த்தது. "எத்தனை வருஷம் இருந்தா நல்லதுன்னு நான் முடிவு பண்ணலை. அதிகாரி முடிவு பண்ணலை. வந்தவங்களை வெச்சே அளவுகோல். மனுஷன் அபிப்பிராயம் ஒரு துளிகூட உள்ளே வராது."

"அப்போ பத்து வருஷம் குடுத்த அம்மாவுக்கு?"

"நாற்பதுல கால் பங்கு. பத்து மார்க்."

"ரெண்டு வருஷம் குடுத்தவனுக்கு?"

"ரெண்டு மார்க்."

பாஸ் என் கையிலிருந்து போனை வாங்கினார். "சார், ஒரே ஒரு உதவி. அந்த நாப்பது வருஷக்காரர் வரவே இல்லைன்னு வெச்சுக்கிட்டு மறுபடியும் போட்டுப் பாருங்க."

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம். பிறகு அது நின்றது.

"சார்?"

"இப்போ பத்து வருஷம்தான் அதிகம். அதனால அந்தம்மாவுக்கு முழு நாற்பது. ரெண்டு வருஷத்துக்கு எட்டு." அண்ணன் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "விலை மார்க் மாறாது. அவனுக்கு அறுபது, அந்தம்மாவுக்கு ஐம்பது. கூட்டினா... அந்தம்மா தொண்ணூறு. அவன் அறுபத்தெட்டு."

"அதாவது?"

"அந்தம்மா ஜெயிக்கறாங்க. பக்கத்துலகூட வர முடியாது அவனால."

எனக்குச் சட்டென்று விளங்கியது. சின்ன வயதில் நானும் அண்ணனும் முதுகோடு முதுகு ஒட்டி நின்று உயரம் பார்ப்போம். அவன் என்னைவிட ஒரு தலை உயரம். அந்த இடத்தில் ஒட்டகச்சிவிங்கியைக் கொண்டுவந்து நிறுத்தி, அதை வைத்து எங்களை அளந்தால்? இரண்டு பேருமே குள்ளம். ஒரு தலை வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நாற்பது வருஷம் பக்கத்தில் வந்து நின்றதும் பத்து வருஷமும் இரண்டு வருஷமும் ஒன்றுபோல ஆகிவிட்டன. மிச்சம் இருந்தது விலை மட்டும். விலையில், மட்டமான மெஷின்காரன் முந்திக்கொண்டான்.

"ஒட்டகச்சிவிங்கியை வாடகைக்கு எடுத்திருக்கான் பாஸ்! நாற்காலியைப் போலவே!"

"நாலு மடங்கு விலை போட்டது, தப்பித்தவறிக்கூட ஜெயிச்சுடக் கூடாதுன்னு" என்றார் பாஸ். "உன் அண்ணன் மாடலை யாரும் தொடவே இல்லை. தொட வேண்டிய அவசியமே இல்லை. தோக்கறதுக்குன்னே ஒரு ஆளை உள்ளே அனுப்பினாப் போதும், மாடல் தானே மீதியைப் பார்த்துக்கும்."

நான் போனைப் பறித்தேன். "அண்ணா! தப்பிச்சே! நீ வளைக்கலைன்னு நிரூபிச்சாச்சு! அயர்ன் பண்ணின சட்டையைப் போட்டுக்கிட்டு நேரா அங்கே வா!"

"ம்" என்றான். அவ்வளவுதான்.

---

விசாரணை அறையில் ஏசி இருந்தது, அதை அணைக்கும் ரிமோட் இல்லை. எல்லோரும் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தோம். மேஜையின் தலைமாட்டில் விசாரணை அதிகாரி. ஓய்வு பெற்ற நீதிபதி அம்மாள், தடித்த கண்ணாடி, அதிகம் பேசாதவர். பக்கத்தில் துறையின் இயக்குநர். குற்றம் சாட்டப்பட்டவர் உதவிக்கு ஆட்களைக் கூட்டி வரலாம் என்று விதி இருந்ததால் எங்களை உள்ளே விட்டிருந்தார்கள்.

பாஸ் எல்லாவற்றையும் சொன்னார். ஒட்டகச்சிவிங்கியையும் சேர்த்து. அம்மாள் மார்க்குகளைத் தன் கையாலேயே ஒருமுறை கூட்டிப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"நாற்பது வருஷம்னு எழுதியிருந்ததைப் பார்த்து இங்கே ஒருத்தர்கூடச் சிரிக்கலையா?"

"சிரிக்கறதுக்கு இடமே விடாம எழுதிட்டேன் மேடம்" என்றான் அண்ணன். "மனுஷங்க உள்ளே கை வைக்கக் கூடாதுன்னு நினைச்சேன். அதுல அந்தச் சிரிப்பும் போயிடுச்சு."

இயக்குநர் முகம் மலர்ந்தது. "அப்போ பிரச்சினை தீர்ந்துது மேடம். மாடல் எழுதினபடி ஓடியிருக்கு. விதிப்படி மார்க் போட்டிருக்கு. இவர் எதையும் வளைக்கலை. குற்றச்சாட்டைத் துறை வாபஸ் வாங்கிக்குது. தம்பி, திங்கட்கிழமை வேலைக்கு வந்துடுங்க."

நான் பாஸின் முழங்கையைக் கிள்ளினேன். ஜெயித்துவிட்டோம். காலையிலிருந்து பட்ட பாட்டுக்கெல்லாம் சேர்த்து அந்த ஏசிக் குளிரிலும் எனக்கு வியர்த்தது.

"மெஷின்?" என்றான் அண்ணன்.

"எந்த மெஷின்?"

"டயாலிசிஸ் மெஷின். இன்னும் வந்துக்கிட்டிருக்கே. அதை நிறுத்துவீங்களா?"

இயக்குநர் தோளைக் குலுக்கினார். "எப்படி நிறுத்தறது? டெண்டர் முறையா நடந்திருக்கு. இப்போதானே அதை நிரூபிச்சீங்க? ரிப்பேருக்கும் ஆள் அனுப்பறான். ஒப்பந்தம் செல்லும்."

"அந்த மூணாம் ஆள் எங்க ரெண்டு பேர் காதுபடச் சொன்னாரே!" என்றேன்.

"மறுத்துட்டாரா?" என்றார் அம்மாள்.

ஆமென்று தலையாட்டினேன்.

"போலீஸ் விசாரிக்கட்டும். நான் எழுதறேன். ஆனா அது முடியறதுக்குள்ளே வர வேண்டிய மெஷின் எல்லாம் வந்து இறங்கிடும்." அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "ஒப்பந்தத்தை அடியோட ரத்து பண்ண ஒரே ஒரு விதிதான் இருக்கு. மதிப்பீட்டு முறையே பிழையானதுன்னு, அதை உருவாக்கினவர் கைப்பட எழுதிக் குடுக்கணும். அப்படிக் குடுத்தா இன்னிக்கே என்னால நிறுத்த முடியும்."

"அப்படிக் குடுத்தா?" என்றார் பாஸ். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது போலிருந்தது.

"பிழையான முறையை உருவாக்கினவர் பதவியில தொடர முடியாது. அதுவும் அதே விதியிலதான் இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து எதைக் காப்பாற்ற ஓடினோமோ அதைத் தூக்கி அவன் கையிலேயே கொடுத்து, நீயே போட்டு உடை என்கிறார்கள். ஏமாற்றியவன் எங்கேயோ ஏசி அறையில் இருப்பான். அவனுக்கு வாடகை ஒட்டகச்சிவிங்கியும் மிச்சம்.

"அண்ணா, எழுதாதே. உன் மேல தப்பே இல்லை. ஏமாத்தினது அவங்க. திங்கட்கிழமை வேலைக்குப் போ. உள்ளே இருந்துகிட்டே சரி பண்ணு. கேக்குதா?"

"கேக்குது வாலு" என்றான். சின்ன வயதில் எனக்கு வைத்த பட்டப்பெயர். வெளியாட்கள் முன்னால் அவன் அதைச் சொன்னதே இல்லை. "மேடம், ஒரு தாள் குடுங்க."

எழுந்து போய் அந்தத் தாளைப் பிடுங்கியிருப்பேன். பாஸ் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேலும் கோபம், இயக்குநர் மேலும் கோபம், இத்தனை நேர்மையாக ஒருத்தனை வளர்த்துவிட்ட எங்கள் வீட்டின் மேலும் கோபம்.

அண்ணன் அவசரப்படாமல் எழுதினான். கையெழுத்துப் போட்டுவிட்டு, யோசித்து, கீழே இன்னொரு வரி சேர்த்தான். அம்மாள் அதை உரக்கப் படித்தார். "இனி வரும் டெண்டர்களில் அளவுகோலை முன்கூட்டியே நிர்ணயிக்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் யார் எத்தனை எழுதினாலும் பத்தாகவே கணக்கிட வேண்டும்."

இயக்குநரின் முகத்தில் இப்போது மலர்ச்சி இல்லை. அம்மாள் ரத்து உத்தரவில் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து நின்று அண்ணனுக்குக் கை கொடுத்தார். அந்தக் கையை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

வெளியே நடைபாதைக்கு வந்தோம். என் போன் அடித்தது. அண்ணி. நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான். வழக்கம்போலத் தபால்காரி நான்தான்.

"என்ன ஆச்சு?" என்றாள் அண்ணி. பின்னால் வார்டின் இரைச்சல்.

"அவன் எந்தத் தப்பும் பண்ணலைன்னு நிரூபிச்சுட்டோம் அண்ணி."

"மெஷின்?"

அவளும் அதைத்தான் கேட்கிறாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பேசாமலேயே ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்.

"எடுத்துடுவாங்க. எல்லாத்தையும் திரும்ப எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. அதுக்காக இந்த மடையன் தன் வேலையை எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கறான்."

யாரோ "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை.

"போனை அவர்கிட்ட குடு" என்றாள்.

கொடுத்தேன். அவன் அதை வாங்கித் தயங்கித் தயங்கிக் காதில் வைத்துக்கொண்டான். பாஸ் என்னைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். ஆனால் நான் துப்பறியும் உதவியாளர். காது இந்தப் பக்கமே இருந்தது.

"ம்... நான்தான் எழுதினேன்... இல்லை, யாரும் மிரட்டலை" என்றான் அண்ணன். நெடுநேரம் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டு, எனக்கும் கேட்கக் கூடாது என்பதைப் போல மெதுவாகச் சொன்னான்.

"நீ எழுதினது சரிதான்."